திங்கட்கிழமை திறக்குமா கடைத்தெரு?

அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்று ஒரு வாரம் ஆகிவிட்டது.

"நீ டாக்டரா, பூட்டு வியாபாரியா?" என்று அண்ணன் கேட்டதும், "நீ கடைத்தெருவுக்குத் தலைவரா, கிருமிக்குத் தலைவரா?" என்று தங்கை மாடிப்படியில் நின்றபடி திருப்பிக் கேட்டதும், போன வாரம் நம் காதுபட நடந்தவைதாம். அன்றிலிருந்து கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் நடுவில் ஓடுகிற ஒரே வண்டி அண்ணிதான்.

"அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்று கீழே இருந்து ஒரு குரல் வரும்.

"அண்ணி, அண்ணா பிரஷர் மாத்திரை போட்டாச்சான்னு பாருங்க" என்று மேலே இருந்து ஒரு குரல் வரும்.

"ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. எனக்குத்தான் கால் தேயுது" என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணி படி ஏறுவாள், இறங்குவாள்.

தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். நாத்தனார் வாய் நிறையக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊருக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். இரண்டு சுழல் நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, வாய் ஓயாத வாடிக்கையாளர்கள். ஊருக்குள் தொற்று வந்த நாளில் இறக்கிய ஷட்டர் இன்னும் ஏறவில்லை.

அவள் கணவருக்கு அதே தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, தலைவர்தான். தங்கையோ ஊரின் சுகாதார அதிகாரி. ஆஸ்பத்திரியிலேயே பொழுது போவதால், வீட்டில் யாருக்கும் கொண்டுவந்துவிடக் கூடாது என்று வெளிப்படி வழியாக மாடிக்குப் போய்த் தனியாக இருந்தாள். ஊருக்கு டாக்டரம்மா. வீட்டுக்கு மட்டும் குட்டி. தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் குட்டிதான்.

இன்றைக்கு நாலு மணிக்குப் போனிலேயே கூட்டம். கடைத்தெருவைத் திங்கட்கிழமை திறக்கலாமா, வேண்டாமா என்று மேயரம்மா முடிவு சொல்லப் போகிறார். டாக்டர் தலையாட்டினால்தான் மேயரம்மா தலையாட்டுவார். தலைவர் பேசிப் பேசித்தான் டாக்டரின் தலையை அசைக்க வேண்டும்.

காலையில் அண்ணி கொல்லைப்புறத்தில் கடைத் துண்டுகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை என்ற சொல்லே அவளுக்கு இனித்தது. நேற்றே கத்தரிக்கோல்களுக்கு எண்ணெய் விட்டாயிற்று. முதல் ஆளாக வருவதாக வங்கிக்காரம்மா சொல்லியிருந்தார். வீட்டிலேயே கண்ணாடி பார்த்துத் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு, இப்போது தொப்பி போடாமல் வெளியே வராத பெண்மணி அவர்.

உதறிய துண்டு கையில் அப்படியே நின்றது. தீய்ந்த நாற்றம்.

உள்ளே ஓடினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரத்தின் அடி கருகிக் கொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டி, மேசையில் உட்கார்ந்து, தலைவர் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"...மேயரம்மா அவர்களே, கடை என்பது வெறும் கடை இல்லை. அது ஒரு..."

"பாலப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்!"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று திரும்பியவர், அடுப்பைப் பார்த்ததும் திடுக்கிட்டார். "அடடா. பேச்சு சுவாரசியத்துல கவனிக்கல."

அண்ணி அடுப்பை அணைத்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், திட்டவில்லை. கொல்லைப்புறம் வரைக்கும் வந்த நாற்றம், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த மனிதருக்கு வரவில்லையா? எழுந்ததும் காபியைக் குடித்துவிட்டு, "என்ன இது, வெந்நீரக் கலக்கிக் குடுத்திருக்கே?" என்று கேட்டாரே. அவள் குடித்தபோது நன்றாகத்தானே இருந்தது?

காபித்தூள் டப்பாவை எடுத்தாள்.

"என்னங்க, கண்ண மூடுங்க."

"எதுக்கு? பரிசு குடுக்கப் போறியா?"

"ஆமா. மூடுங்க."

முகத்தை ஏந்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி மூடினார். டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"மூச்ச இழுங்க. என்ன வாசனை?"

"காத்து."

டப்பாவை வைத்துவிட்டு, பையிலிருந்து தன் கடையின் தலைக்கிரீமை எடுத்தாள். பழவாசனை தூக்கலாக அடிக்கும் கிரீம். கல்யாணமான புதிதில், "உன் பக்கத்துல உக்காந்தா பழக்கடையில குடியிருக்கற மாதிரி இருக்கு" என்று இவரே சொல்லியிருக்கிறார். விரலில் வழித்து நீட்டினாள்.

"இப்ப?"

"இப்பவும் காத்துதான். என்ன விளையாட்டு இது?"

கண்ணைத் திறந்தார். அவள் விரலில் இருந்த கிரீமைப் பார்த்தார். மேசையில் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார். அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். நாள் முழுக்க அடுத்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "எழுத்து தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டே பழகிய மனிதர். தனக்கு நடந்த பரிசோதனை எதில் முடிந்திருக்கிறது என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"சளியா இருக்கும்" என்றார் மெதுவாக.

"சளி எங்க இருக்கு? மூக்கு பளிச்சுன்னு இருக்கு."

அண்ணி பின்னால் நகர்ந்தாள். ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தாள். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். கைகள் தாமாகவே வேலை செய்தன. மனசு எங்கோ படியில் தடுக்கி விழுந்து கிடந்தது.

"குட்டிகிட்ட சொல்லாத" என்றார் தலைவர்.

"என்னது?"

"சாயந்திரம் வரைக்கும் சொல்லாத. நான் எங்கயும் போகப்போறதில்ல. ரூமுக்குள்ள இருந்தே போன்ல பேசறேன். யாருக்கு என்ன கெடுதல்? நாலு மணி மீட்டிங் முடியட்டும், திறக்கலாம்னு ஒரு வார்த்தை வரட்டும். அடுத்த நிமிஷம் நானே சொல்லிடறேன்."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொடியில் துண்டுகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பொய் சொல்வானேன், ஒரு கணம் அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கால்வாசி நாள்தானே. ஒரே ஒரு கால்வாசி நாள்.

"தெருவே என்னை நம்பி உக்காந்திருக்கு" என்றார் அவர். "இப்போ நானே போய், எனக்கே வந்துடுச்சுன்னு சொன்னா, அவ்வளவுதான். நம்ம தெருவ மறுபடியும் யார் திறக்க விடுவாங்க?"

"நேத்து சாயந்திரம் பேக்கரி பின்ரூம்ல எல்லாரும் உக்காந்தீங்களே."

தலைவர் மேசையில் திறந்து கிடந்த டப்பாவை மூடினார்.

நேற்று சங்கத்தின் கமிட்டி முழுவதும் பேக்கரியின் பின்னறையில் கூடியிருந்தது. ஜன்னல் இல்லாத அறை. அண்ணியும் கமிட்டி உறுப்பினர்தான். "அந்தப் பொந்துக்குள்ள நான் வரமாட்டேன், வாசல்ல நாற்காலி போட்டா வரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் ஓதி அனுப்பியிருக்கிறாள் என்றார்கள்.

"அங்க பிஸ்கட் தின்னீங்களா?" என்று கேட்டாள்.

"தின்னோம்."

"அப்ப முகத்துல எதுவும் போட்டிருக்கல."

"தாடையில இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சு. இன்னிக்கு அவங்க எல்லாரும் கடையத் தொடைக்கறேன், பெயின்ட் அடிக்கறேன்னு ஊரெல்லாம் சுத்துவாங்க. பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போய் முதல் வேலையா என்ன செய்வாரு? சொல்லுங்க."

தலைவருக்குத் தெரியும். பேக்கரிக்காரருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து இப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. நேற்றுக் கூட்டத்தில் பாதி நேரம் அதன் போட்டோவைத்தான் கைக்குக் கை மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் மேசையை விட்டு எழுந்தார். பிறகு போனை எடுத்தார்.

"நான் பேசவா?" என்றாள் அண்ணி.

"வேண்டாம். நானே பேசறேன்."

மணி அடித்த வேகத்தில் மாடியில் தங்கை எடுத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அண்ணன் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"குட்டி."

அந்தப் பக்கம் காகிதங்களை ஒதுக்கி வைக்கும் சத்தம். பிறகு, "என்ன அண்ணா?"

"பால் தீஞ்சது எனக்குத் தெரியலடா."

வேறு எந்தத் தங்கையாக இருந்தாலும், என்ன பால், ஏது பால் என்று கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை. மாடியில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

"ரூமுக்குள்ள போ. கதவச் சாத்திக்கோ. ஜன்னலத் திறந்து வை. வரேன்."

தலை முதல் கால் வரை உறை மாட்டிக்கொண்டு டாக்டர் இறங்கி வந்தபோது, கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. சொல்லிக் காட்டுவாளோ என்று அண்ணி பயந்துகொண்டிருந்தாள். நாள் முழுக்கச் சொல்லிக் காட்ட அவளுக்கு நியாயம் இருந்தது. ஆனால் அவள் அண்ணனின் மூக்கில் குச்சியை விட்டு எடுத்தாள். "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. உன் முகத்தப் பாத்து ஒரு வாரம் ஆச்சு. இப்ப பாத்தாலும் தெரியல" என்றார் தலைவர்.

"பேசாம இரு."

கால் மணி நேரத்தில் பரிசோதனைக் கிட் முடிவைக் காட்டியது. இரண்டு கோடு, தொற்று உறுதி. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்ததையே மறுபடியும் பார்த்தாள்.

"வெளிய எங்க போனே? பேக்கரியில நேத்து உக்காந்தத அண்ணி சொன்னாங்க, அதுக்கு இன்னிக்கே வாசனை போகாது. அதுக்கு முன்னாடி யாரோட இருந்தே?"

தலைவர் கொஞ்சம் நெளிந்தார். "கடையப் பின்பக்கமா ஒரு நாள் திறந்தேன்."

"அண்ணா!"

"கோச்சுக்காத, கேளு. உன் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர்தான். கண்ணாடி ரெண்டா உடைஞ்சு, பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கிட்டு வண்டி ஓட்டறாரு. பார்வை சரியில்லாம நோயாளியத் தூக்கிட்டுப் போறவர்கிட்ட, சட்டம் பேசி, போயிட்டு அப்புறம் வான்னு சொல்லவா?"

டாக்டரின் கண்கள் மூடித் திறந்தன. "என்கிட்ட கேட்டிருந்தா கண்ணாடிக்கடைக்கு மட்டும் அனுமதி குடுத்திருப்பேனே. வாசல்ல வச்சு, தூரத்துல நின்னு..."

"எப்படிக் கேப்பேன்? நாமதான் பேசிக்கலையே."

கதவோரம் நின்ற அண்ணிக்கு, இரண்டு பேரையும் ஒரே கையால் குட்டிவிட்டு, அதே கையால் அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒன்றும் செய்ய முடியாத தூரத்தில் நின்றாள்.

"நேத்து ரூம்ல யார் யார் இருந்தாங்கன்னு சொல்லு. ஆபீஸ்லேர்ந்து கூப்பிடச் சொல்றேன்" என்றாள் டாக்டர்.

"வேண்டாம். அவங்க என் ஆளுங்க. நானே சொல்றேன். ஆபீஸ்லேர்ந்து போன் போச்சுன்னா பயந்துடுவாங்க."

"மதியத்துக்குள்ள முடிச்சிடு."

தலைவர் முதலில் பேக்கரிக்காரரைக் கூப்பிட்டார். அண்ணிக்கும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்தார். பேக்கரிக்காரரின் குரலுக்கு அது தேவையே இல்லை.

"தலைவரே! அடுப்பெல்லாம் தொடைச்சுட்டேன். திங்கட்கிழமை முதல் ரொட்டி உங்க வீட்டுக்குத்தான்!"

தலைவர் விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்காமல், தனக்கு என்ன, அதை அண்ணி எப்படிக் கண்டுபிடித்தாள், நேற்று என்ன, இனி அவர்கள் எல்லோரும் என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொன்னார்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது வெடி. "இது உங்க தங்கச்சி பண்ண ஏற்பாடுதானே? மீட்டிங்குக்கு நாலு மணி நேரம் முன்னாடி தலைவருக்கு நோய்! எங்க காதுல பூ சுத்தப் பாக்கறீங்களா? நாங்க என்ன..."

"குழந்தையத் தூக்கினீங்களா?" என்றார் தலைவர்.

சத்தம் பட்டென்று நின்றது.

"நேத்து வீட்டுக்குப் போனதும் குழந்தையத் தூக்கினீங்களா?"

"இல்ல" என்றது, இப்போது யாருடையதோ போல் சின்னதாகிவிட்ட ஒரு குரல். "தூங்கிட்டிருந்தா. காலையில நான் கிளம்பறப்பவும் தூங்கிட்டிருந்தா. இப்ப சாப்பாட்டுக்குப் போறப்ப தூக்கலாம்னு..."

"போகாதீங்க."

"போகல."

"எங்க இருப்பீங்க?"

"இங்கயே இருந்துடறேன், தலைவரே. மாவு மூட்டை இருக்கு. மேல ஒரு படுதாவ விரிச்சுப் படுத்துக்கறேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உங்களுக்கு எப்படி இருக்கு? ஜுரம் இருக்கா? நான் கத்தினத மனசுல வச்சுக்காதீங்க."

"கத்தலைன்னாத்தான் எனக்குப் பயமா இருந்திருக்கும்" என்றார் தலைவர்.

மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவர் திட்டினார், ஒருவர் அழுதார், துணிக்கடைக்காரர் மட்டும், "அப்ப திங்கட்கிழமை கிடையாதா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மனிதரைத் தலைவரே, தலைவரே என்று இத்தனை காலமும் கேலியாகத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

மதியம், படி திரும்பும் இடத்தில் டாக்டர் உட்கார்ந்திருந்தாள். உறைகளைக் கழற்றிவிட்டுக் குளித்திருந்தாள். ஈர முடி தோளில் ஒட்டிக் கிடந்தது. நுனி எல்லாம் பிளந்து, பார்க்கவே அண்ணியின் கை துறுதுறுத்தது. அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். நடுவில் நல்ல இடைவெளி.

"பயப்பட வேண்டாம் அண்ணி. பெரும்பாலும் லேசாத்தான் போகும். பிரஷர் இருக்கறதால கொஞ்சம் கவனிக்கணும், அவ்வளவுதான். உங்களுக்கு இப்ப எடுத்த டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல. மறுபடி எடுக்கணும்."

"சரி."

"ஒண்ணு சொல்லவா?" டாக்டர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "இன்னிக்கு மீட்டிங்ல நான், திறக்கலாம்னுதான் சொல்லப்போறதா இருந்தேன்."

அண்ணிக்குக் காது சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தது. "என்ன சொல்றே?"

"ஆஸ்பத்திரியில கூட்டம் குறைஞ்சிடுச்சு. தொற்றுக்காரங்க குறைஞ்சது சரி. மத்தவங்களும் வரல. நெஞ்சு வலிய வீட்டுலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நேத்து ஒருத்தர் வந்தாரு, கால்ல புண்ணு பழுத்துப் போச்சு. ஏன் முன்னாடியே வரலன்னு கேட்டா, வேலை இல்ல, பஸ் இல்ல, வெளிய வந்தா போலீஸ் பிடிக்கும்னு நினைச்சேன்ங்கறாரு. பூட்டி வச்சதால பொழைச்சவங்களையும் பாத்தேன். பூட்டி வச்சதால விழுந்தவங்களையும் பாத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்குப் பாதிக் கடை, நாளைக்கு மீதிக் கடை. இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய போறதுன்னு ஒரு ஏற்பாடு எழுதி வச்சிருக்கேன்."

"அதை உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, குட்டி!"

"மீட்டிங்ல சொல்லலாம்னு இருந்தேன்." அவள் உதடு கோணியது. "அவன் நீட்டி முழக்கி ஒரு பேச்சு தயார் பண்ணுவான்னு தெரியும். முழுசும் பேச விட்டு, கடைசியில, எனக்கும் சம்மதம்னு சொன்னா அவன் மூஞ்சி எப்படிப் போகும்னு பாக்க ஆசையா இருந்துச்சு."

அண்ணி சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது. "இப்ப என்ன சொல்லப் போறே?"

"தெரியல. அதான் பயமா இருக்கு. வேண்டாம்னு தோணுது. ஆனா அது படிச்ச புத்தி சொல்றதா, அண்ணனுக்கு வந்துடுச்சுங்கற பயம் சொல்றதான்னு பிரிக்க முடியல. ஊர்ல எத்தனையோ பேர் வீட்டுக்கு நான் போன் பண்ணிச் சொல்லியிருக்கேன். அன்னிக்கெல்லாம் இப்படிக் குழம்பினதில்ல."

அண்ணிக்கு அறிவுரை சொல்லத் தெரியவில்லை. எட்டி அவள் தலையைத் தடவ முடியாது. "அந்த முடிய முதல்ல தொவட்டு. சளி பிடிக்கப் போகுது" என்றாள்.

நாலு மணிக்கு எல்லோரும் போன் திரையில் கூடினார்கள். தலைவர் அறைக்குள் கட்டிலில், அண்ணி கதவுக்கு வெளியே, டாக்டர் மாடியில், பேக்கரிக்காரர் பின்னால் மாவு மூட்டை தெரிய. மேயரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சங்கத் தலைவர் பேசலாம்" என்றார்.

தலைவர் தயாரித்த பேச்சைப் பேசவில்லை. "எனக்கு வந்துடுச்சும்மா" என்று தொடங்கினார். "எங்க கமிட்டிக்காரங்க எல்லாரும் தனியா போயிட்டாங்க. என் தப்புதான். திறக்கணும்ங்கற அவசரத்துல மூடின ரூம்ல உக்காந்து பேசினோம். ஆனா ஒண்ணு. நான் தப்பு பண்ணேங்கறதுக்காக எங்க தெரு தப்புன்னு ஆகிடக் கூடாது. அவ்வளவுதான்."

மேயரம்மா டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் தொண்டையைச் செருமினாள். காலையில் என்ன சொல்ல இருந்தாள் என்பதையும், இப்போது ஏன் சொல்ல முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். திரையில் அண்ணனின் சின்னச் சதுரத்தில் அவர் வாய் பிளந்துபோய் உட்கார்ந்திருந்ததை அண்ணி பார்த்தாள். தங்கை பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். ஆனால் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கமிட்டிக்காரங்களோட பரிசோதனை முடிவு வரட்டும். வியாழக்கிழமை மறுபடி கூடுவோம்" என்று முடித்தாள். "பயத்துல வேண்டாம்னு சொல்லவும் எனக்கு இஷ்டமில்ல. பாசத்துல சரின்னு சொல்லவும் இஷ்டமில்ல."

"வியாழக்கிழமை எங்க பக்கம் யார் பேசறது?" துணிக்கடைக்காரர் பொரிந்தார். "தலைவருக்கு உடம்பு எப்படி இருக்குமோ! எங்களுக்கு எப்படியோ!"

"அண்ணி பேசட்டும்."

சொன்னது பேக்கரிக்காரர். காரணத்தை இன்னும் சத்தமாகச் சொன்னார். "நேத்து அந்த ரூமுக்கு வரமாட்டேன்னு சொன்னது அவங்க ஒருத்தர்தான். நாம சிரிச்சோம். இன்னிக்குக் காலையில அவங்க வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் இந்நேரம் என் பொண்ணத் தூக்கிக் கொஞ்சியிருப்பேன். திறக்கணும்னு அவங்களுக்கும் ஆசை. அப்படிப்பட்ட ஆள் பேசினாத்தான் டாக்டரும் கேப்பாங்க, நாங்களும் கேப்போம்."

"நானா?" என்றாள் அண்ணி. "எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது."

"நாற்காலியில உக்காந்திருக்கறவங்க தலை உங்க கையில இருக்கறப்ப நீங்க பேசாத பேச்சா?" என்றார் மேயரம்மா. அவரும் அண்ணியின் வாடிக்கையாளர்தான். "அப்ப வியாழக்கிழமை பாக்கலாம்."

கூட்டம் முடிந்தது. மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து கைதட்டும் சத்தம் வந்தது.

"தலைவரே!" என்றார் தலைவர்.

"வாய மூடிக்கிட்டுப் படுங்க" என்றாள் அண்ணி. முகம் சிவந்துவிட்டது.

வெயில் தாழ்ந்தபோது டாக்டர் மறுபடியும் படியில் வந்து உட்கார்ந்தாள். முடியைத் துவட்டிப் பின்னியிருந்தாள்.

"வியாழக்கிழமை நான் டாக்டராத்தான் பேசுவேன், அண்ணி. நாத்தனாரா எதிர்பாக்காதீங்க."

"நான் கடைக்காரியாப் பேசறேன். அண்ணியா எதிர்பாக்காத."

"சலூன்தான் கடைசியாத் திறக்கணும்னு சொன்னா?"

"ஏன் கடைசி? ஆளத் தொடாம நான் எப்படி முடி வெட்டறது? கம்பு கட்டி வெட்டவா?"

"அதனாலதான் கடைசிங்கறேன்."

"அப்ப ஒரு நேரத்துல ஒரே நாற்காலி. கதவு திறந்தே இருக்கும். அடுத்த ஆள் வெளிய நிப்பாங்க. பேச்சு கிடையாது."

"பேச்சு கிடையாதா? உங்க கடையிலயா?" டாக்டர் சிரித்தாள். இத்தனை நாளில் அவள் சிரித்து இன்றுதான் அண்ணி பார்த்தாள். "அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் யோசிக்கறேன்."

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே மூடிய கதவுக்கு உள்ளே ஓர் இருமல் கேட்டது.

சின்ன இருமல்தான். சிரிப்பு இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் நின்றது.

"ஒண்ணுமில்ல. தொண்டை கரகரப்பு. நீங்க சண்டை போடுங்க, கேக்க நல்லா இருக்கு" என்றது உள்ளிருந்த குரல். தொடர்ந்து இன்னோர் இருமல். அது சின்னதாக இல்லை.

டாக்டர் எழுந்து மேலே போனாள். உறைகளை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, ஒரே மூச்சுல, நிறுத்தாம எண்ணு பாக்கலாம்."

"என்ன, என்னை ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கறியா?"

"எண்ணு."

உள்ளே எண்ணத் தொடங்கினார். முதலில் கூட்டத்தில் பேசுகிற கணீர்க் குரல். போகப் போகக் குரல் மெலிந்தது. அண்ணியின் உதடுகள் கூடவே அசைந்தன. எங்கோ ஓரிடத்தில் அவர் நின்றார், இழுத்தார், இன்னும் ஒரே ஓர் எண்ணைச் சொன்னார். பிறகு இருமல்.

"போதுமா, குட்டி?" என்று அண்ணி கேட்டாள். "இவ்வளவு எண்ணினா போதுமா?"

"இப்போதைக்குப் போதும்."

டாக்டர் அப்படிச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய், தன் தலையணையோடும் போர்வையோடும் இறங்கி வந்தாள். கூடத்தில், அண்ணன் அறைக்கு நேர் எதிரே இருந்த சுவரோரம் அவற்றைப் போட்டாள். கையில் விரலை மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவி இருந்தது.

"இன்னிலேர்ந்து நான் கீழ இருக்கேன், அண்ணி. ராத்திரி அடிக்கடி பாக்கணும்."

அண்ணி அந்தத் தலையணையையே பார்த்தாள். போதும் என்று சொன்னவள் ஏன் தலையணையை எடுத்துவந்தாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வேறொன்றுதான் வாயில் வந்தது.

"இந்த வீட்டுக்குள்ள எங்களோட இருந்துட்டா, நீயும் வெளிய போகக் கூடாதே, பொறுப்ப வேற ஆளுக்குத் தரணுமே. அப்ப வியாழக்கிழமை டாக்டர் நாற்காலியில யாரு?"

டாக்டர் போர்வையை உதறி விரித்தாள். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள்.

"எனக்குப் பதிலா ஒருத்தர் வருவாரு" என்றாள். "அவருக்கு இந்த ஊர்ல அண்ணனும் கிடையாது, அண்ணியும் கிடையாது."